ஷாக் மாற்றினால் மட்டும் போதாது: ஏற்காடு ஏறும் கார்களின் பின் சஸ்பென்ஷன் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனி, ஞாயிறு காலைகளில் கோரிமேடு தாண்டி அடிவாரம் நோக்கிப் போகும் கார்களில், பின்பக்கம் தாழ்த்திக் கடினமான ஸ்பிரிங் போட்ட வண்டிகள் இப்போது நிறையவே கண்ணில் படுகின்றன. ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி, ஐ20 என் லைன் போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் பின் சஸ்பென்ஷனை மேம்படுத்த ஆசைப்படுவதில் தவறு எதுவும் இல்லை. நல்ல பொருளை முறையாகப் பொருத்தினால் வண்டி வளைவில் அலைபாயாமல் நிற்கும். ஆனால் எந்த கம்பெனி ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், அதை யார், எப்படி மாட்டுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அந்த அலட்சியத்துக்கு இடமே கிடையாது. ஆகவே இந்த வேலையில் எது எங்கே கெடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பின் அச்சின் நிலைமை என்ன என்று பார்ப்போம். 1,400 கிலோ எடையுள்ள முன்சக்கர இழுவைக் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 60 பங்கு எடை முன்னால் இருந்தால், பின் அச்சில் 560 கிலோ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ., முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.68 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, வளைவுக்கு முன்னால் 0.5 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) அளவுக்கு பிரேக் பிடித்தால் சுமார் 144 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். சாலையின் சரிவு தன் பங்குக்கு இன்னும் ஓர் இருபது கிலோவைத் தள்ளும். மிச்சம் 400 கிலோதான். அந்த நானூறையும் வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு இன்னும் வேகமாகத் தள்ளிவிடும் வேலையைத்தான் தடித்த பின் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் உடல் சாயாதபடி இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) செய்கிறது.

இந்தக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, அதாவது விட்டத்தை நான்கு முறை பெருக்கி வரும் எண்ணை. 19 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 22 மி.மீ. கம்பி போட்டால், பார்வைக்கு மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம், விறைப்போ ஏறக்குறைய 80 சதவீதம் கூடிவிடும். வறண்ட ரேஸ் டிராக்கில் இது நல்ல காரியம். முன்சக்கரக் காருக்கே உரிய, ஸ்டீயரிங் திருப்பியும் மூக்கு வெளியே ஓடும் குணம் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில், சில்வர் ஓக் இலை ஈரமாக ஒட்டிக்கிடக்கும் இறக்கத்தில், பனிமூட்டத்துக்குள் திடீரென்று எதிரே பஸ் வந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், அதே கம்பி வண்டியின் வாலை வெளியே வீசிவிடும். இருக்கும் கம்பியே பெரும்பாலானோருக்குப் போதும். மாற்றித்தான் தீருவேன் என்பவர்கள் இரண்டு மூன்று துளைகள் உள்ள கம்பியை வாங்குங்கள். நுனிக்கு அருகில் இருக்கும் துளையில் லிங்க்கை (கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டை) மாட்டினால் மென்மை, உள்ளே தள்ளி மாட்டினால் கடினம். மலைக்குப் போகிற வண்டிக்கு நுனித் துளையைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்து ஸ்பிரிங். பெட்டியின்மேல் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் தனித்தனியாகத் தாங்கும்) பின் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் சக்கரத்தின்மேல் நேராக உட்காருவதில்லை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருகிறது. சக்கரம் 100 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 65 மி.மீ. தான் அமுங்குகிறது என்று வையுங்கள். அந்த 0.65-ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன் ஸ்பிரிங், சக்கரத்தில் 25 நியூட்டனாகத்தான் தெரியும். அதை 85 நியூட்டன் ஸ்பிரிங்காக மாற்றினால் சக்கரத்தில் 36. பின்னால் ஒரு பக்கத்துக்கு 250 கிலோ உடல் எடை என்றால், வண்டியின் இயல்பான ஆட்டம் வினாடிக்கு 1.6 முறையிலிருந்து 1.9 முறையாக ஏறும். 1.9 என்பது நல்ல விளையாட்டுக் காரின் அளவு. அதற்கு மேல் போனால் சேலத்துச் சாலைகளில் பின் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். அதைவிட முக்கியம், கரடுமுரடான வளைவில் சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளும் நேரம் கூடும், பிடிமானம் குறையும்.

தாழ்த்துவதில் உள்ள ஆபத்து இன்னும் மறைவானது. கார் தனியாக நிற்கும்போது 30 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, அழகாக இருக்கிறது. பின் சீட்டில் இரண்டு பேர், டிக்கியில் சாமான் என்று 150 கிலோ ஏறினால், பழைய ஸ்பிரிங் விறைப்பில் இன்னும் 29 மி.மீ. இறங்கும், கடினமான ஸ்பிரிங்கில் 20 மி.மீ. இறங்கும். ஆக சக்கரம் மேல்நோக்கிப் போக வேண்டிய ஓட்டத்தில் ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் ஏற்கெனவே செலவாகிவிட்டது. வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். இடித்த அந்தக் கணமே அந்த மூலையின் விறைப்பு பல மடங்காகிவிடும், டயர் வழுக்கும். பாதி வளைவு வரை ஒழுங்காக வந்த வண்டி ஏன் திடீரென்று சுற்றியது என்று கேட்பவர்களுக்கு, பல நேரம் விடை இந்த ரப்பர் துண்டுதான். ஆகவே தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு ஏற்ற நீளம் குறைந்த ஷாக்கும், அதற்கென்றே உள்ள பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்தே வர வேண்டும். பில்ஸ்டீன் கம்பெனி ஒரிஜினல் உயரத்துக்கு பி6, தாழ்த்திய உயரத்துக்கு பி8 என்று தனித்தனியாக விற்பதன் காரணம் இதுதான். நம் ஸ்பீடு பிரேக்கரையும் நினைவில் வையுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதித்த உயரமே 10 செ.மீ., ஊருக்குள் ஆளாளுக்குப் போட்டவை அதைத் தாண்டும். மலைக்குப் போகும் காருக்கு 20 மி.மீ. தாழ்த்தலே தாராளம்.

பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை. 60-க்குப் பதில் 85 போட்டால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் ஸ்பிரிங்கோடு ஒப்பிடுகையில் 16 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும், கேஸ் வைத்துக் காய்ச்சி அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் நுனி வளைவு போய்விடுவதால் அது தன் சீட்டில் ஒழுங்காக உட்காராது, சக்கரம் முழுதாகத் தொங்கும் நேரத்தில் கழன்று விலகும். காய்ச்சிய ஸ்பிரிங்கின் பதம் போய்விடுகிறது, சில மாதங்களில் தானாக இன்னும் இறங்கும், ஒரு நாள் முறியும். லாரியின் பட்டை ஸ்பிரிங்கைச் சூடாக்கி வளைத்து, மறுபடி பதம் ஏற்றித் தரும் கைத்திறன் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. காயில் ஸ்பிரிங்கைத் தெருவில் காய்ச்சுவது அந்தத் தொழிலோடு சேர்த்தியில்லை. இதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி பொருத்தும் வேலை. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். டேங்க்கில் பாதி பெட்ரோல், காருக்குள் ஆள் இல்லை. இந்த நான்கு எண்கள் இல்லாமல் பின்னால் வரும் எந்த வேலையும் குத்துமதிப்புதான். லைட் தானாக ஏறி இறங்கும் வண்டியாக இருந்தால், பின் ஆர்மில் இருக்கும் சிறிய சென்சார் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். அதை மறந்துவிட்டு ஆர்மை இறக்கினால் அது முறிந்துபோகும்.

ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட், பிறகு மேல் போல்ட்டுகள். ஸ்பிரிங் உள்ளே அமுங்கியிருக்கிறது என்பது ஒரு நொடியும் மறக்கக் கூடாதது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) போடாமல் நெம்பி எடுப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் நுனி, கீழ் ரப்பர் சீட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். விரல் விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரியும். பத்து மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வரும்.

ஷாக்கிலும் இரண்டு வகை. இரட்டைக் குழாய் ஷாக்கைப் பெட்டியில் படுக்கவைத்தே கொண்டுவருவதால் உள் குழாயில் காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து முறை முழுதாக அமுக்கி இழுத்த பிறகே மாட்ட வேண்டும். ஒற்றைக் குழாய் ஷாக்குக்கு இது வேண்டாம். அதில் 20 பாருக்கும் மேலான அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது, பிஸ்டன் வெளிச் சுவரிலேயே நேராக ஓடுகிறது. அதை வைஸில் இறுக்கிப் பிடித்தால் நெளிந்த இடத்தில் பிஸ்டன் சிக்கும், ஷாக் அத்தோடு போயிற்று. இரண்டு வகைக்கும் பொதுவான இன்னொன்று: மேல் மவுன்ட்டின் நடு நட்டை ஏர் கன் வைத்து முறுக்கக் கூடாது. ராடு சேர்ந்து சுற்றி, மேலே இருக்கும் ஆயில் சீல் அறுந்துபோகும். ராடின் தலையில் ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் முறுக்க வேண்டும். புது ஷாக் மூன்றே மாதத்தில் ஆயில் கசிகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள், மாட்டியவரிடம் இதைக் கேட்க வேண்டும்.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆர்மின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் புஷ், பேரிங் மாதிரி சுழல்வதில்லை. உள் குழாய் போல்ட்டால் பிராக்கெட்டோடு இறுகியிருக்கிறது, வெளிக் குழாய் ஆர்மோடு இருக்கிறது, நடுவில் ஒட்டிய ரப்பர் முறுங்கி முறுங்கித்தான் வேலை செய்கிறது. லிஃப்ட்டில் தூக்கிய வண்டியில் சக்கரம் 90 மி.மீ. தொங்கும். ஆர்ம் நீளம் 40 செ.மீ. என்றால் அது ஏறக்குறைய 13 டிகிரி. அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் 13 டிகிரி முறுங்கி நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதற்கு மேலும் முறுங்குகிறது. வண்டி எதிர்பார்த்த அளவு தாழாது, இரு பக்க உயரமும் ஒத்துப்போகாது, சவாரி காரணமில்லாமல் கடினமாக இருக்கும். ஸ்பிரிங் செட்டாக நாளாகும் என்று சமாதானம் சொல்லி அனுப்புவார்கள். சில மாதங்களில் ரப்பர் கிழிந்து, வளைவில் சக்கரமே தன் கோணத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கும்.

செய்ய வேண்டியது எளிது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் சேரும் அளவுக்கு மட்டும் போடுங்கள். பிறகு ஆர்மின் வெளி முனைக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, முதலில் எழுதி வைத்த அளவிலிருந்து தாழ்த்திய அளவைக் கழித்து, அந்த எண் வரும் வரை தூக்குங்கள். 360 மி.மீ. இருந்தது, 20 தாழ்த்தியிருக்கிறோம் என்றால் டேப்பில் 340 காட்ட வேண்டும். அப்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) எடுத்து இறுக்குங்கள். வண்டியைச் சக்கரத்தின்மேலேயே நிறுத்திக் கீழே இறங்கி வேலை செய்ய முடிந்தால் அதைவிட நல்லது. லாரிக்கென்று வெட்டிய குழி உள்ள பட்டறைகள் நம் ஊரில் இருப்பது இதற்கு வசதி, லட்ச ரூபாய் லிஃப்ட்டைவிட இந்த ஒரு வேலைக்கு அந்தக் குழிதான் உசத்தி. எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பதை அந்தந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் இருந்துதான் எடுக்க வேண்டும். இத்தனை நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 டிகிரி என்று போட்டிருக்கும் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகை. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். பழையதையே முறுக்கிவிட்டு மலை ஏறக் கூடாது.

பாலியூரித்தேன் புஷ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் உள் குழாய் சுழலும், ஆகவே மேற்சொன்ன முறுக்குப் பிரச்சினை கிடையாது. கூடவே வரும் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகத் தடவாவிட்டால் கிரீச் என்ற சத்தம் ஊரைக் கூட்டும்.

போலோ, ஐ20 போன்ற கார்களில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். ஒரே உத்தரம், அதன் முறுக்கே ஸ்டெபிலைசர் வேலையையும் செய்கிறது. ஸ்பிரிங் மாற்ற இரு பக்க ஷாக்கையும் கழற்றி பீமை ஒருசேர இறக்கினால் வேலை லேசாக முடியும். முன் முனையிலுள்ள பெரிய புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், அதற்கும் மேலே சொன்ன உயர விதி அப்படியே பொருந்தும். இந்த வகையில் பின் சக்கரக் கோணத்தைத் திருகி மாற்ற வழி இல்லை, ஹப்புக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத்தான் சரிசெய்ய முடியும். ஆகவே அளவு தப்பினால், முதலில் பீம் வளைந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

மல்டிலிங்க்கில் கோணத்தை மாற்றும் எக்ஸென்ட்ரிக் போல்ட்டுகள் இருக்கும். தளர்த்தும் முன் அதன் தலையிலும் பிராக்கெட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது உதவும். அது தற்காலிக உதவிதான். உயரம் மாறிய பிறகு பழைய கோட்டில் வைத்தால் பழைய கோணம் வராது. 30 மி.மீ. தாழ்ந்தாலே சக்கரத்தின் தலை அரை டிகிரிக்கு மேல் உள்ளே சாய்ந்துவிடும் வண்டிகள் உண்டு, டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) கூடவே நகரும். ஒரு சக்கரத்தின் டோ 20 நிமிடக் கோணம் (டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு) தப்பினால், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 6 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. உள் விளிம்பு மொட்டையாகும்வரை வெளியே தெரியாது. பின் சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரேக் பிடித்துக்கொண்டே இறக்கத்தில் திரும்பும்போது வண்டி தானாகவே சுற்றப் பார்க்கும். முன்சக்கரக் காரில் பின் டோ சற்றே உள்நோக்கி, இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

அலைன்மென்ட் கடையில் முன் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டி, முன், பின் அளவுகளை அச்சிட்ட தாளில் தரச் சொல்லுங்கள். அதில் திரஸ்ட் கோணம் என்ற வரியைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்தை ஒட்டி இல்லையென்றால் பின் அச்சு கோணலாகத் தள்ளுகிறது என்று அர்த்தம், ஸ்டீயரிங் நேராக நிற்காது. புது ஸ்பிரிங் படிய இருநூறு கிலோமீட்டராவது ஓடிய பிறகு இந்த அளவு எடுப்பது நல்லது, அதுவரை மலைப்பாதை வேண்டாம். கூடவே ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும், ஹெட்லைட் உயரத்தையும் ஸ்கேனர் வைத்துப் புது உயரத்துக்குச் செட் செய்ய வேண்டும். பின்பக்கம் மட்டும் தாழ்ந்த காரின் லைட், எதிரே மலை ஏறி வருபவரின் கண்ணில்தான் அடிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் கிளெய்ம்மை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பில்லோடு ஒரு தாள் கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு மூலை உயரம், புஷ் போல்ட்டுகளை எந்த உயரத்தில் எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினீர்கள், எந்தெந்த போல்ட் புதிது, அலைன்மென்ட் அளவுகள் — இவ்வளவு போதும், ஐந்து நிமிட வேலை. 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் திரும்ப வரச் சொல்லி, ஷாக்கின் கீழ் போல்ட்டையும் லிங்க் நட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சில் பாருங்கள், உயரத்தையும் அளந்து அதே தாளில் எழுதுங்கள். இரு பக்க உயரமும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால், புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி நிற்கும் உயரத்தில் மறுபடி இறுக்கிய பிறகே வண்டியை ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பொறியியல் பயிற்றுநர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.